கீழே நின்ற மச்சான்

போன மாதம் தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். புது மண்டபம். படியேறி உள்ளே காலை வைக்கப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். தரை முழுக்கக் கறுப்புக் கல்லைப் பதித்து, முகம் தெரிகிற அளவுக்கு இழைத்து வைத்திருக்கிறார்கள். கூரையில் தொங்கின விளக்கெல்லாம் தரைக்குக் கீழேயும் தொங்கியது. என் காலுக்கு அடியில் இன்னொரு கிழவன் தலைகீழாக நின்று, உள்ளங்காலை என் உள்ளங்காலோடு ஒட்டவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"வழுக்காது தாத்தா, தைரியமா வாங்க" என்று பேத்தி கையைப் பிடித்தாள். வழுக்கும் என்று யார் பயந்தது? ஆனால் அதை அவளிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்ல? சுவரோரமாகச் சமுக்காளம் விரித்திருந்த பக்கம் சுற்றிக்கொண்டு போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டார் யாரோ என்னைக் காட்டி, "பெரியவருக்குக் கண்ணு தெரியாது போல" என்றது காதில் விழுந்தது. கண் நன்றாகத் தெரிகிறது. அதுதானே தொல்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு வாண்டு ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு என்னை உரசிக்கொண்டு ஓடியது. மஞ்சளாக ஏதோ, வாழைப்பழ எசன்ஸ் வாடை கும்மென்று வந்தது. தரை போதாதென்று இதுவுமா என்று நினைத்துக்கொண்டேன். வாழைப்பழ எசன்ஸ் என்றால் உங்களுக்குக் கேக்கோ ஐஸ்கிரீமோ நினைவுக்கு வரும். எனக்கு விமானம் நினைவுக்கு வரும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். வீட்டில் எல்லோரும் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் இன்ஜின் பைத்தியம் பிடித்துத் தூத்துக்குடிக்கு ஓடி வந்து, ஒரு உப்புக் கம்பெனியின் லாரி ஷெட்டில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். நான் சொல்வது யுத்தம் முடிந்த மறு வருஷம், அல்லது அதற்கடுத்த வருஷம். எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருந்தது. அப்போதுதான் ரொட்ரிகோ எங்கள் ஷெட்டுக்கு வந்தார்.

ரொட்ரிகோ ஒரு தோணி முதலாளியின் மகன். தாத்தா முத்துக் குளித்தவர். அப்பா தலையெடுத்துத் தோணிகள் வாங்கினார். மகன் படித்துவிட்டு யுத்தத்தில் விமானம் ஓட்டப் போனார். கடலுக்கு அடியில் கிடந்த குடும்பம் கடலுக்கு மேலே வந்து, அதுவும் போதாமல் ஆகாயத்துக்கும் போய்விட்டது என்று ஊரில் கேலி பேசுவார்கள். திரும்பி வந்தவர் சும்மா வரவில்லை. பட்டாளத்தில் கழித்துக் கட்டின சின்ன விமானம் ஒன்றை மெட்ராஸ் ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அதற்குத்தான் ஆள் தேடினார்.

"அண்ணாச்சி, லாரி இன்ஜினும் இதுவும் ஒரே சாதிதான். கொஞ்சம் பாத்துக்கிடுதீயளா?"

"சார், லாரி நடுவழியில நின்னா எறங்கித் தள்ளலாம். இது நின்னா என்ன செய்ய?"

"எறங்குனாப் போதும் அண்ணாச்சி. தள்ள வேண்டாம்."

அந்தப் பதிலுக்காகவே போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் தெற்கே உப்பளங்களைத் தாண்டி, யுத்தத்தின்போது அவசரத்துக்கு விமானம் இறங்கவென்று கெட்டித்துப் போட்டிருந்த ஒரு தளம் கிடந்தது. பட்டாளம் போன பிறகு ஆடும் கழுதையும்தான் அதை ஆண்டுகொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் நம் விமானம். இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்காரலாம். இறக்கை மேலொன்று, கீழொன்று. மரச் சட்டத்தில் துணியைப் போர்த்தியிருக்கும். துணி விறைப்பாக நிற்க ஒரு வார்னிஷ் பூசவேண்டும். அந்த வார்னிஷ்தான் வாழைப்பழ எசன்ஸ் வாடை அடிக்கும். கொட்டகைக்குள் நுழைந்தால் பழக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஆடுகளும் அப்படித்தான் நினைத்தன. ஒரு நாள் வால் பக்கத்துத் துணியை ஒரு முழத்துக்கு ஒரு கிடா தின்றுவிட்டது. யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பினவர், உப்பளத்து ஆட்டிடம் தோற்றுப் போனார் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பறப்பது பெரிய வித்தை இல்லை, இறங்குவதுதான் வித்தை என்பார் ரொட்ரிகோ. சக்கரம் தரைக்கு ஒரு ஆள் உயரம் இருக்கும்போது மூக்கை மெல்லத் தூக்கி மட்டம் பிடிக்க வேண்டும். முந்திப் பிடித்தால் வேகம் செத்து, மேலேயிருந்து பொத்தென்று விழும். பிந்திப் பிடித்தால் மூக்கு மண்ணில் குத்தும். இது எல்லா ஊருக்கும் பொது. எங்கள் தளத்தில் கூடுதலாக ஒரு தொல்லை. சுற்றிலும் உப்பு. வெள்ளைத் தரை, வெள்ளை ஆகாயம். ஒரு மரம் கிடையாது, வீடு கிடையாது. மேலேயிருந்து பார்த்தால் தரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாதாம். வந்த புதிதில் ஒரு தடவை மூக்கால் குத்தி, வண்டி குப்புறக் கவிழ்ந்து, இடுப்பில் கட்டியிருந்த வாரில் தலைகீழாகத் தொங்கினார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தால் மனிதர் தொங்கியபடியே சிரிக்கிறார். "மச்சான், கயித்த இழுங்க, மேல வாரேன்!"

அந்த மச்சான்தான் செபஸ்தி. ரொட்ரிகோ மனைவி பிலோமியின் கூடப்பிறந்த அண்ணன். சங்கு குளிக்கிற தோணியில் கயிறு பிடிக்கிறவர். முத்துக்குளிப்பு அந்த வருஷங்களில் கிடையாது, சங்குதான். நெட்டையான ஆள், பேச்சு குறைவு, உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பு குறுக்கே ஓடும்.

இந்தக் கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குளிக்கிறவன் கடலுக்குள் இறங்கினால் அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனை தோணியில் ஒருவன் கையில் இருக்கும். கீழேயிருந்து கயிற்றைச் சுண்டி ஒரு வெட்டு வெட்டினால் மேலே உள்ளவன் இழுத்துவிட வேண்டும். அசந்தால் போச்சு. அதனால் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோ. கூடப்பிறந்த அண்ணன் தம்பி கையில்கூடக் கொடுக்க மாட்டார்கள். அவனுக்குச் சொத்தில் ஒரு கண் இருக்கலாம். மச்சான் அப்படி இல்லை. தன் தங்கச்சி தாலியறுக்க எவன் சம்மதிப்பான்?

வண்டி கவிழ்ந்த மறுநாளே ரொட்ரிகோ செபஸ்தியைத் தளத்தின் தலைமாட்டில், விமானம் வந்து இறங்குகிற முனையில் நிறுத்தினார். கையில் மூங்கில் கம்பு, அதில் சிவப்புத் துணி. துணி தலைக்கு மேலே தூக்கியிருந்தால், 'இன்னும் உயரம் இருக்கு, வா.' கீழே இறக்கினால், 'தரை வந்தாச்சு, மட்டம் பிடி.' வண்டி இறங்கி நின்றதும் துணியைக் கம்பில் சுருட்டிக்கொண்டு நடந்து வருவார். ஒரு தடவை செபஸ்தி தோணிக்குப் போன நாளில் நான் நிற்கட்டுமா என்று கேட்டேன். "நீங்க மச்சான் இல்லியே அண்ணாச்சி" என்று சொல்லி அன்றைக்குப் பறக்கவே இல்லை. யுத்தத்தில் கூட இருந்த நண்பர் ஒருவர் வந்திருந்தபோது, "சொந்தக் கண்ணை நம்பாம கொடியை நம்பி இறங்குறவனை இங்கதான் பாக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். ரொட்ரிகோ சிரித்தார். எங்க தாத்தா சொந்தக் கண்ணை நம்பியா கடலுக்குள்ள இறங்கினார் என்று கேட்டார். தாத்தாவுக்கு மச்சான் மேலே இருந்தான், இவருக்கு மச்சான் கீழே இருந்தான். அந்த வித்தியாசம் அன்றைக்கு எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

பிலோமியும் சில நாள் சோற்றுத் தூக்கோடு வருவாள். விமானத்தை அவள் நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. அண்ணனையேதான் பார்த்துக்கொண்டிருப்பாள். அண்ணன் துணியைச் சுருட்டினால்தான் மூச்சு விடுவாள். "பறக்குதவரு அங்கன இருக்காரு, நீ என்னத்தப் பாக்க?" என்று கேட்டால், "எனக்கு அது போதும் அண்ணாச்சி" என்பாள்.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. தளம் முழுக்கத் தண்ணீர். பெட்ரோலுக்கும் ரேஷன். இரண்டு மூன்று மாதமாக வண்டி கொட்டகையை விட்டு நகரவில்லை. ரொட்ரிகோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நீச்சல் மறக்காது அண்ணாச்சி. இது மறக்கும். கை ஒண்ணு நெனைக்கும், காலு ஒண்ணு நெனைக்கும்" என்பார். மெட்ராஸில் ஒரு விமானக் கம்பெனி அவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. லைசென்ஸ் உயிரோடு இருக்கவேண்டும், அண்மையில் பறந்து இறங்கியிருக்கவும் வேண்டும். தை மாதம் சோதனை பண்ண அங்கிருந்து ஒரு அதிகாரி வருவதாக ஏற்பாடு. பிலோமி அப்போது நிறைமாசத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறக்கும்போது அப்பன் தயவில் தின்கிற ஆளாக இருக்கக் கூடாது என்று ரொட்ரிகோவுக்கு ஒரு வீம்பு.

கை மறந்துவிடாமல் இருக்க அவர் செய்த காரியத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெளியே மழை தகரத்தில் கொட்டும். கொட்டகைக்குள் இருட்டு. விமானத்தில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். கையும் காலும் தாமாக அசையும். அதற்கேற்ப இறக்கை ஓரமும் வாலும் மெல்ல மெல்ல ஏறி இறங்கும். இன்ஜின் சத்தம் கிடையாது. அந்தக் கோடியில் செபஸ்தி கம்பைத் தூக்கிக்கொண்டு நிற்பார். திடீரென்று துணியை இறக்குவார். கண்ணை மூடியிருக்கிற ரொட்ரிகோ அதே நொடியில் கையைப் பின்னால் இழுப்பார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "கயிறு வெட்டுனா இடுப்புக்குத் தெரியாதா?" என்றார். அப்போது கேலியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு சைக்கிளில் போகும்போதுதான் யோசித்தேன், நடுவில் கயிறே இல்லையே என்று.

தை பிறந்து மழை ஓய்ந்தது. தளம் உலர்ந்துவிட்டது, தலைமாட்டுப் பக்கம் மட்டும் ஒரு பள்ளத்தில் விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. அது காய இன்னும் ஒரு வாரமாவது ஆகும். அதிகாரி அதற்குள் வந்துவிடுவார். "சக்கரம் பள்ளத்தைத் தாண்டித்தானே தொடும், ஒண்ணும் ஆகாது" என்றார் ரொட்ரிகோ. செபஸ்தி தோணிக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார். பிலோமியும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து வில்வண்டியில் வந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்தாள்.

காலையில் வாடைக்காற்று நன்றாக அடித்தது. பள்ளத்துத் தண்ணீர் சிலுசிலுவென்று அலைந்துகொண்டிருந்தது. செபஸ்தி அதற்குள் இறங்கி, கணுக்காலுக்கும் கீழே தண்ணீர் இருக்க, துணியைத் தூக்கி நின்றார். நான் விமானத்தின் மூக்கிலிருந்த காற்றாடியைச் சுற்றிவிட்டேன். ரொட்ரிகோ ஏறினார், ஊரைச் சுற்றி வந்தார், இறங்கினார். கொஞ்சம் துள்ளியது, அவ்வளவுதான். திரும்ப ஏறினார். இரண்டாவது தடவை துள்ளக்கூட இல்லை. இன்ஜினை அணைக்காமலேயே என்னைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டினார். மறக்கலை, பாத்தீயளா என்று அர்த்தம். இன்னும் ஒன்று என்று விரலைக் காட்டிவிட்டு மறுபடியும் ஏறிவிட்டார்.

அவர் கடல் பக்கமாகத் திரும்பும்போது காற்று செத்துவிட்டது. எங்கள் கரையில் அப்படித்தான். காலைக் காற்று ஓய்ந்து கடல் காற்று எழும்புமுன் கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. கம்பத்தில் காற்றுக்காகக் கட்டியிருந்த துணிப்பை தொய்ந்து தொங்கியது. ஆடுகள்கூட மேயாமல் நின்றன. பள்ளத்துத் தண்ணீர் அசைவை நிறுத்தியது. நிறுத்தியதும் அது தண்ணீராகவே இல்லை. ஆகாயம் அப்படியே கீழேயும் இருந்தது. வெளிறின மேகமும் அதில் ஒரு காக்கையும்கூட. அதன் நடுவில் செபஸ்தி ஒன்றின்மேலும் நிற்காமல் நின்றார். அவர் காலிலிருந்து இன்னொரு செபஸ்தி தலைகீழாகத் தொங்கினார்.

நான் தண்ணீர் ஓரத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். செபஸ்தி சத்தம் போட்டார்.

"அண்ணாச்சி, கீழ பாக்காதீங்க!"

"ஏன்?"

"காத்து செத்தா கீழ பாக்கக்கூடாது. கயிறு பிடிக்கும்போது கீழ உள்ளவன் நம்மளப் பாத்துட்டாம்னா, கயித்த அவன் வாங்கிக்கிடுவான்."

இது தோணிக்காரர்களின் நம்பிக்கை. காற்று செத்துக் கடல் கண்ணாடியானால், கயிறு பிடிக்கிறவன் முதலில் கையால் தண்ணீரை அலசிக் கலைத்துவிட்டுத்தான் கயிற்றைப் பார்ப்பான். செபஸ்தியும் காலால் தண்ணீரை எத்தி எத்திக் கலைத்தார். கீழே உள்ளவர் துண்டு துண்டாகச் சிதறுவார். காலை நிறுத்தியதும் ஒன்றுகூடிவிடுவார். அதற்குள் இன்ஜின் சத்தம் நெருங்கிவிட்டது. செபஸ்தி எத்துவதை விட்டுவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, துணியைத் தலைக்கு மேலே தூக்கினார்.

அவர் தூக்கினால் கீழே உள்ளவர் கையில் துணி எப்படி இருக்கும்? யோசித்துப் பாருங்கள். கீழே இறங்கித்தான் இருக்கும்.

விமானம் பனைக்கு மேல் பனை வைத்த உயரத்தில் வந்துகொண்டிருந்தது. இன்னும் இறங்க வேண்டும், இறங்கும் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூக்கைத் தூக்கி மட்டம் பிடித்துவிட்டது. அந்தரத்தில் தரை இருப்பதுபோல் அதன்மேல் இறங்கப் பார்த்தது. செபஸ்தி துணியை இன்னும் உயரத் தூக்கி, குதிகாலை எக்கி எக்கி ஆட்டினார். "உசரம் இருக்கு மாப்ள! உசரம் இருக்கு!" என்று அவர் கத்தினது எனக்கே கேட்டது, மேலே எங்கே கேட்கும்? வேகம் செத்துப் போய் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஓடுவதற்கு அவருக்கு நேரம் இருந்தது. சத்தியமாக இருந்தது. நான் ஓடினேன். அவர் ஓடவில்லை. குளிக்கிறவன் மேலே வருகிறவரைக்கும் கயிற்றை விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

இறக்கை அவர்மேல்தான் விழுந்தது.

ரொட்ரிகோவுக்குக் கால் ஒடிந்தது; உயிருக்கு ஒன்றும் இல்லை. செபஸ்தியைத் தூக்கும்போது மூச்சு இருந்தது, வில்வண்டியில் ஏற்றும்போது இல்லை. பிலோமி அழவில்லை. அந்தக் கம்பு தண்ணீரில் கிடந்ததை எடுத்து, ஈரத் துணியைச் சுற்றிச் சுருட்டி, மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கிழிந்த விமானத்திலிருந்து அந்த வாழைப்பழ வாடை மட்டும் வந்துகொண்டே இருந்தது. இன்றைக்கும் எனக்கு அதைத் தாங்க முடியாது.

சொன்னபடி அதிகாரி வந்தார். சோதனைக்கு வந்தவர் விசாரணை பண்ணினார். பள்ளத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "அசையாத தண்ணீர்மேல் உயரம் தெரியாது. பழகின கைக்கே கஷ்டம். இவர் மாதக்கணக்கில் பறக்கவில்லை. நிறைய இடத்தில் இப்படி நடக்கிறது" என்றார். நல்ல மனிதர். அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. நான் ஒப்புக்கொண்டேன். ஊரும் ஒப்புக்கொண்டது.

ரொட்ரிகோ ஒப்புக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டிலில் கிடந்துகொண்டு என்னிடம் சொன்னார்: "ரெண்டு பேரு நின்னாங்க அண்ணாச்சி. ஒருத்தன் தூக்குனான், ஒருத்தன் எறக்குனான்."

"அது தண்ணிக்குள்ள தெரிஞ்ச நெழலு சார்."

"நெழலுன்னா கூடவே ஆடணும்லா? மேல உள்ளவன் துணிய ஆட்டுதான், குதிக்கான். கீழ உள்ளவன் அசையவே இல்ல. எறக்குனபடியே நின்னுக்கிட்டு என்னையப் பாத்தான். அவன் மூஞ்சி மச்சான் மூஞ்சிதான். நான் எவன நம்ப?"

காய்ச்சலில் பேசுகிறார் என்று நினைத்தேன். காய்ச்சல் விட்ட பிறகும் அதையேதான் சொன்னார்.

அடக்கம் முடிந்த பத்துப் பதினைந்து நாளில் பிலோமி ஷெட்டுக்கு வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, லாரி டயர்மேல் உட்கார்ந்தாள். நான் சோடா வாங்கி வரச் சொன்னேன். வேண்டாம் என்றாள்.

"அண்ணாச்சி, நான் மேல நின்னவனத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எங்கண்ணனத்தான் பாத்தேன். கீழ பாக்கலை. நீங்க தண்ணிப் பக்கம் நின்னீங்க. கீழ உள்ளவன் அசையலைன்னு அவரு சொல்லுதாரே, அது நெசமா?"

நான் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டேன்.

"நெசம்னா சொல்லுங்க, அவரு கூட இருந்துருவேன். இல்லைன்னா, கை மறந்துபோய் எங்கண்ணனக் கொன்னுட்டு இப்பம் கதை சொல்லுதாருன்னு ஆகும். அந்த மனுசன் கூட நான் எப்படி இருக்க? இந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லிக் குடுக்க?"

நான் என்ன பார்த்தேன்? விமானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்து ஓடிக்கொண்டும் இருந்தேன். ஆனால் ஓடும்போது ஓரக்கண்ணில் சிவப்பாக ஒன்று பட்டது. மேலே படபடவென்று ஒன்று அடித்துக்கொண்டது. கீழே ஒன்று சும்மா இருந்தது. இருந்ததா? அதிகாரி என்னைக் கேட்டபோது அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. இவள் கேட்டபோதுதான் வந்தது.

"பாத்தேம்மா" என்றேன். "அசையலை."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனாள். ரொட்ரிகோவைத் தன் கையால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப் போனாள். பிறந்த பையனுக்கு செபஸ்தியான் என்று பேர் வைத்தார்கள். அதற்குப் பிறகு அவரோடு ஊர் மெச்சக் குடும்பம் நடத்தினாள். எனக்குத்தான் ஒரு விசித்திரம். அவளிடம் சொன்ன நாளிலிருந்து அந்தக் காட்சி வருஷத்துக்கு வருஷம் தெளிவாகிக்கொண்டே வருகிறது. இப்போது கண்ணை மூடினால் கீழே நின்றவரின் முகமே தெரிகிறது. அவர் என்னைப் பார்க்கிறார்.

ரொட்ரிகோ அப்புறம் விமானப் பக்கமே போகவில்லை. அப்பாவின் தோணிகளைப் பார்த்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து நடந்துகொண்டு, நல்லபடியாக மூப்படைந்தார். உப்பளத்துப் பெண்கள் மட்டும் ஒரு பேச்சுப் பேசினார்கள். மழை ஓய்ந்து காற்று செத்த காலையில், பள்ளத்துத் தண்ணீரில் ஒரு ஆள் துணியை இறக்கிப் பிடித்துத் தலைகீழாக நிற்கிறானாம். மேலே பார்த்தால் யாரும் இல்லையாம். "மேல ஆளில்லாம நெழலு எப்படி நிக்கும் தாயி?" என்று நான் கேட்டால், "போய்ப் பாருங்க அண்ணாச்சி" என்பார்கள். எனக்கென்ன வேலையில்லையா? நான் தனியாக அந்தப் பக்கம் போனதே இல்லை.

ரொட்ரிகோவோடு போவேன். வருஷா வருஷம் தை மாதம் ஆள் அனுப்பிவிடுவார். பள்ளத்து வரப்பில் போய் நிற்போம். அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். கொட்டகைக்குள் மூடிய அதே மாதிரி.

"துணி எப்படி இருக்கு அண்ணாச்சி? தூக்கிருக்கா, எறக்கிருக்கா?"

நான் எட்டிப் பார்ப்பேன். ஆகாயம்தான் தெரியும். பார்த்த நேரம் போதும் என்று சட்டென்று தலையைத் திருப்பிக்கொள்வேன்.

"சுருட்டியாச்சு சார்."

அவர் மூச்சு விடுவார். திரும்பி வந்துவிடுவோம். ரொட்ரிகோ சாகும் வரைக்கும் இது நடந்தது.

மண்டபத்தில் கல்யாணப் பெண், அந்தப் பையன் செபஸ்தியானின் மகள்தான். பிலோமி என்னைக் கண்டுபிடித்து, பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தலை முழுக்க வெள்ளை. கண்ணும் காதும் மட்டும் நன்றாக இருக்கின்றன. மேடையில் பெண்ணின் தம்பி, மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டுவிட்டு, எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கி, போட்டோவுக்கு வாங்க வாங்க என்று ஆட்டினான்.

பிலோமி அவனைப் பார்க்கவில்லை. முன்னால் விரிந்து கிடந்த கறுப்புத் தரையில் அவன் தலைகீழாக நின்றதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பள்ளத்துக்கும் மண்ணடிச்சிட்டாவளாம் அண்ணாச்சி" என்றாள்.

தெரியும். தளத்தைத் துண்டு துண்டாகக் கல் நட்டு விற்றுவிட்டார்கள். கொட்டகை நின்ற இடத்தில் லாரிகள் நிற்கின்றன. சங்குத் தோணிகளில் இப்போது மூச்சுக் குழாயும் மெஷினும் வந்துவிட்டன. கயிறு பிடிக்க மச்சானைத் தேடுகிறவர்கள் இல்லை. ஆடுகள்கூட இல்லை. பள்ளம் ஒன்றுதான் மிச்சமாகக் கிடந்தது, அதையும் போன மழைக்கு முன்னால் தூர்த்துவிட்டார்கள்.

"இனிமே அங்கன தண்ணி நிக்காது. எங்கண்ணன் எங்கன நிப்பான்?"

நாற்காலியிலிருந்து மெல்லக் குனிந்தாள். விழுந்துவிடுவாளோ என்று நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையைத் தரையில் வைத்து, தோணிக்காரர்கள் தண்ணீரை அலசுவதுபோல, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அலசினாள். திரும்பத் திரும்ப அலசினாள்.

தரை கலையவே இல்லை.